கலிலியோ முடிக்காத மருத்துவப் பட்டம்

எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்த வாரத்தில், என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்கும் மாமாவே அடுத்து, அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டுவிடுவார். ஏறக்குறைய 440 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியிலும் ஒரு வீட்டில் இதே பேச்சுதான். அந்த வீட்டுப் பையன் கலிலியோ கலிலி. அவருடைய தொலைநோக்கியும் 1633-ஆம் ஆண்டு விசாரணையும் நம் பாடப்புத்தகங்களில் உண்டு. படிப்புக்காக அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கலிலியோ 1564-இல் பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ இசைக் கலைஞர்; இசைக் கோட்பாடு பற்றி நூல் எழுதும் அளவுக்குப் புலமை பெற்றவர். ஆனால் புலமைக்கு ஏற்ற வருமானம் இல்லை. அதனால் மூத்த மகனாவது மருத்துவர் ஆகட்டும் என்று நினைத்தார். அவர்கள் குலத்தில் முன்பு புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். குடும்பப் பெயரே அவரிடமிருந்து வந்ததுதான். 1581-இல் கலிலியோ பைசா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார்.

இரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறியது. அரசவையில் கணிதம் கற்பித்த ஒஸ்டிலியோ ரிச்சி, அரச குடும்பத்துடன் பைசாவுக்கு வந்திருந்தார். அவர் நடத்திய யூக்லிட் வடிவியல் பாடத்தைக் கேட்ட கலிலியோவுக்கு அதன் பிறகு மருத்துவத்தில் மனம் ஒட்டவில்லை. ரிச்சியே வின்சென்சோவிடம் பேசிப் பார்த்தார். 1585-இல் கலிலியோ பட்டம் பெறாமலேயே வீடு திரும்பினார்.

தந்தையைக் கண்மூடித்தனமானவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் போட்ட கணக்கு சரியானது. அக்காலப் பல்கலைக்கழகங்களில் கணிதம் ஒரு துணைப்பாடம். கிரக நிலை பார்த்துச் சிகிச்சை செய்த காலம் என்பதால், மருத்துவ மாணவர்களுக்குச் சோதிடக் கணக்கு சொல்லித்தருவதும் கணித ஆசிரியரின் வேலையாக இருந்தது. வீடு திரும்பிய கலிலியோ நான்கு ஆண்டுகள் புளோரன்சிலும் சியெனாவிலும் டியூஷன் எடுத்தார். பொலோனியா பல்கலைக்கழக வேலைக்கு முயன்றார். அது வேறொருவருக்குப் போனது. 1589-இல், தாம் படிப்பை விட்ட அதே பைசாவில் கணித விரிவுரையாளர் ஆனார். சம்பளம் ஆண்டுக்கு 60 ஸ்கூடி. அங்கே மருத்துவப் பேராசிரியர்கள் அதைப்போல் பல மடங்கு வாங்கினார்கள்.

1591-இல் தந்தை இறந்தார். தம்பி தங்கைகளின் பொறுப்பு மூத்தவர் தலையில் விழுந்தது. தங்கைக்குப் பேசிய சீதனப் பாக்கியைக் கேட்டு மைத்துனர் கைது செய்யவைப்பதாக மிரட்டும் அளவுக்கு நெருக்கடி. மறு ஆண்டு பதுவா பல்கலைக்கழகத்தில் 180 ஃபுளோரின் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அதுவும் போதவில்லை. வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுக் கட்டணம் வாங்கினார். பீரங்கியைக் குறிபார்க்கவும் நில அளவைக்கும் வட்டிக் கணக்குக்கும் உதவும் ஓர் அளவுகருவியை உருவாக்கி, அதைச் செய்துதர ஒரு கைவினைஞரையும் வீட்டில் அமர்த்தினார். கருவியை விற்றதைவிட, அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்ததில்தான் அதிகம் கிடைத்தது. பதுவாவில் இருந்த 18 ஆண்டுகளும் இப்படித்தான் ஓடின. ஆராய்ச்சிக்கு மிஞ்சிய நேரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த டியூஷனே ஒரு வழியையும் திறந்தது. 1605 கோடை விடுமுறையில் அவர் கணிதம் சொல்லிக்கொடுத்த டஸ்கனி இளவரசர் கோசிமோ, 1609-இல் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு கலிலியோ தம் தொலைநோக்கியை வெனிஸ் ஆட்சியாளர்களிடம் காட்டினார். அவர்கள் வேலையை ஆயுளுக்கும் உறுதிசெய்து, சம்பளத்தை 1,000 ஃபுளோரினாக உயர்த்த முன்வந்தார்கள். ஆனால் அதற்குமேல் உயர்வு கிடையாது. பாடமும் தொடர்ந்து நடத்தியாக வேண்டும்.

1610 ஜனவரியில் வியாழன் கோளைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். அவற்றுக்குக் கோசிமோவின் மெடிச்சி குடும்பப் பெயரைச் சூட்டினார். வேலை தேடும் சாமர்த்தியமும் அவரிடம் இருந்தது! அந்தக் கோடையில் டஸ்கனி அரசவையின் தலைமைக் கணித அறிஞராகவும் தத்துவ அறிஞராகவும் நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கு 1,000 ஸ்கூடி. வகுப்பு எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணிதத்தை நம்பி டியூஷன் இல்லாமல் வாழும் நிலை வந்தபோது அவருக்கு வயது 46. வின்சென்சோ இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.