பல்லொழுங்கு கண்ட பேராசிரியர்

முல்லையரும்பையும் முத்தையும் பல்வரிசைக்கு உவமையாகப் புலவர் கூறுதல் நாம் அறிந்ததே. ஆயின், அவ்வரிசை பிறழப் பெற்றோர் நிலை யாது? அவர்தம் குறை தீர்க்கும் கலையைத் தனித்துறையாக நிலைநாட்டிய எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இவர் 1855ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து ஹெரிக் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே கருவிகள் செய்வதில் கைத்திறன் மிக்கவர். 1878இல் பல்வைத்தியப் பட்டம் பெற்றார். உடல்நலங் குன்றியமையின் சிலகாலம் மான்டானாவில் ஆடு வளர்த்தார். கடுங்குளிரில் மந்தை மடியவே, மினியாபொலிஸ் நகருக்கு மீண்டு தம் பழந்தொழிலையே மேற்கொண்டார். பின்னர் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார்.

அக்காலத்தில் பற்பிறழ்ச்சியை அளந்தறிய ஒழுங்கான முறை யாதும் இல்லை. 1899இல் ஆங்கிள், முதற் பெருங்கடைவாய்ப்பற்கள் மேலும் கீழும் பொருந்தும் வகையை அளவாகக் கொண்டு, பிறழ்ச்சியை மூவகையாகப் பகுத்தார். அப்பகுப்பு இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கெனவே ஒரு பள்ளியையும் நிறுவினார்.

இனி, இவர் வாழ்வின் பெரும்போரைக் கூறுவோம். முப்பத்திரண்டு பற்களும் இருந்தாலன்றி வாய்க்கு முழுமையும் முகத்திற்கு அழகும் இல்லை என்பது ஆங்கிளின் கொள்கை. பற்களை முறைப்படி பொருத்தினால் தாடையெலும்பும் அதற்கேற்ப வளரும் என நம்பினார். கால்வின் கேஸ் என்னும் அறிஞரோ இதனை மறுத்தார். பல்லின் பருமையும் தாடையின் அளவும் பெற்றோர்வழி வருவன. அவை ஒவ்வாதவிடத்துச் சில பற்களைக் களைதலே தக்கது என்றார். 1911இல் இவ்வழக்கு பேரவையில் எழுந்தது. மெண்டல் கண்ட மரபுவிதிகள் மீண்டும் வெளிப்பட்டுப் பதினோராண்டே ஆகியிருந்த காலம் அது. ஆங்கிள் பக்கமே ஓங்கிற்று. கேஸின் சொல் பல்லாண்டு செவியேறவில்லை.

முதுமையிலும் ஆங்கிள் ஓய்ந்தாரல்லர். நீள்சதுரப் பள்ளத்தில் பட்டைக்கம்பியைச் செருகி, பல்லை எப்பக்கமும் திருப்பவல்ல கருவியொன்றை அமைத்தார். 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் கலிபோர்னியாவில் உயிர்நீத்தார்.

அவர்தம் அன்பு மாணாக்கர் சார்லஸ் டுவீட் என்பவர், ஆசிரியர் கூறியவாறே பல்லொன்றும் களையாது பணிபுரிந்தார். திருத்திய பற்கள் மீண்டும் பிறழ்வதையும், முகங்கள் முன்துருத்துவதையும் கண்டு உளம் நொந்தார். ஆசிரியர் கொள்கையை விடுத்து, ஆசிரியர் தந்த கருவியையே கைக்கொண்டு, வேண்டுமிடத்துப் பற்களைக் களைந்து வெற்றி கண்டார். 1996இல் எம்.எஸ்.எக்ஸ்.1 என்னும் மரபணுவிலும், 2000இல் பி.ஏ.எக்ஸ்.9 என்பதிலும் நேர்ந்த மாற்றத்தால் சில குடும்பத்தாருக்குப் பற்கள் சில முளைக்காமையை ஆராய்ச்சியாளர் கண்டனர். பல்லின் அமைப்பில் குடிவழிக்கும் பங்குண்டு என்பது இதனால் மேலும் உறுதியாயிற்று.

ஆங்கிள் பிழைபட்டமையால் அவர் பெருமை குன்றுமோ? குன்றாது. பிழையைக் காணும் கண்ணையும் திருத்தும் கருவியையும் மாணாக்கருக்கு அவரே அளித்தார். ஆசிரியரைப் போற்றுதலும் உண்மையைப் போற்றுதலும் தம்முள் மாறுபட்டவையல்ல என்பதை, கற்கும் பருவத்தினராகிய நாம் இவ்வரலாற்றால் உணர்வோமாக.