வில்லியம் மோர்கனும் வளரும் விதிகளும்

நுழையும்முன்

விளையாட்டின் உயிர் அதன் விதிகளில் இருக்கிறது. கோட்டுக்குள் விழும் பந்து வெற்றியைத் தருகிறது. அதே பந்து ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் தோல்வியைத் தருகிறது. வாலிபால் என்று ஊர்த்திடல்களில் வழங்கும் கைப்பந்தாட்டத்துக்கு முதன்முதலில் விதி வகுத்தவர் வில்லியம் ஜி. மோர்கன். அவர் வகுத்த விதிகளில் பெரும்பாலானவை இன்று வழக்கில் இல்லை. ஆயினும் அந்த ஆட்டம் உலகெங்கும் ஆடப்படுகிறது. விதிகள் மாறிய பின்னும் ஆட்டம் நிலைத்தது எவ்வாறு என்பதை அவரது வாழ்க்கை வழியே இப்பாடம் விளக்குகிறது.

கால்வாய்க் கரையில் ஓர் இளைஞர்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாயின் கரையில் அமைந்த நகரம் லாக்போர்ட். அங்கு 1870ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் மோர்கன் பிறந்தார். அவருடைய தந்தையார் படகுப் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். சிறுவனாக இருந்தபோதே மோர்கன் அப்பட்டறையில் உழைத்தார். உள்ளூர்ப் பள்ளிகளில் பயின்றபின், மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த மவுண்ட் ஹெர்மன் பள்ளியில் சேர்ந்தார். உரம் வாய்ந்த உடலும் விளையாட்டு ஆர்வமும் கொண்ட அவரை அங்கு ஒருவர் கண்டுகொண்டார். அவர் 1891ஆம் ஆண்டு கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவர் தந்த ஊக்கத்தால் மோர்கன் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து உடற்கல்வி பயின்றார்.

உடலும் உள்ளமும் ஒருங்கே வளர வேண்டும் என்பது அப்பள்ளியின் கொள்கை. புதிய விளையாட்டுகளை ஆக்கிப் பார்க்கும் ஆய்வுக்களமாகவும் அது திகழ்ந்தது. படிப்பை முடித்த மோர்கன் மெய்ன் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் 1895ஆம் ஆண்டு ஹோலியோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 25.

தேவை ஈன்ற விளையாட்டு

ஹோலியோக்கில் மோர்கனின் பயிற்சி வகுப்புகளுக்குப் பலர் வந்தனர். இளைஞர்கள் கூடைப்பந்தை விரும்பி ஆடினர். வணிகத்திலும் அலுவலிலும் ஈடுபட்டிருந்த நடுத்தர வயதினருக்கு அது ஒத்துவரவில்லை. ஓட்டமும் மோதலும் மிகுந்த அந்த ஆட்டம் அவர்களைக் களைப்படையச் செய்தது. வெறும் உடற்பயிற்சியோ சலிப்பூட்டியது. களைப்பை நீக்கும் பொழுதுபோக்காகவும் உடலுக்கு உழைப்பு தருவதாகவும் உள்ள ஓர் ஆட்டம் வேண்டும் என மோர்கன் எண்ணினார்.

அவர் முதலில் டென்னிஸ் ஆட்டத்தை நினைத்தார். அதற்கு மட்டையும் பிற கருவிகளும் தேவைப்பட்டன. எனவே மட்டையை விடுத்து வலையை மட்டும் எடுத்துக்கொண்டார். தரையிலிருந்து 6 அடி 6 அங்குல உயரத்தில் வலை கட்டப்பட்டது. அது ஒரு மனிதரின் தலைக்குச் சற்று மேலான உயரம். அடுத்துப் பந்தைத் தேடினார். கூடைப்பந்தின் உள்ளிருக்கும் ரப்பர்ப் பையைத் தனியே எடுத்து ஆடிப் பார்த்தபோது அது மிக இலேசாக மிதந்தது. முழுக் கூடைப்பந்தோ கனத்தது. ஆகவே ஸ்பால்டிங் நிறுவனத்தாரிடம் புதிய பந்து ஒன்றைச் செய்துதருமாறு கேட்டார். தோலால் போர்த்தி உள்ளே ரப்பர்ப் பை வைத்த பந்து உருவாயிற்று. தான் ஆக்கிய ஆட்டத்துக்கு மிண்டோனெட் என்று அவர் பெயரிட்டார்.

அன்றைய விதிகள் இன்றைய ஆட்டக்காரர்களுக்கு வியப்பளிக்கும். ஆடுகளம் 50 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்டது. ஒரு பக்கத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். பந்தை மறுபக்கம் அனுப்புமுன் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம். பேஸ்பால் ஆட்டத்தைப் போல ஒன்பது சுற்றுகள் ஆடப்பட்டன. சர்வீஸ் என்னும் தொடக்க அடி தவறினால் டென்னிஸில் உள்ளதுபோல் மறுவாய்ப்பும் உண்டு. வலுவற்றவரையும் வயது மிகுந்தவரையும் ஒதுக்காமல் அனைவரையும் ஆடவைப்பதே இவ்விதிகளின் நோக்கமாக இருந்தது.

அவைமுன் வைத்த ஏடு

1896ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி இயக்குநர்களின் மாநாடு நடைபெற்றது. அங்குத் தம் ஆட்டத்தைக் காட்டும் வாய்ப்பு மோர்கனுக்குக் கிடைத்தது. அணிக்கு ஐவராக இரண்டு அணிகளை அவர் அழைத்துச் சென்றார். ஓர் அணிக்கு ஹோலியோக் நகரத் தலைவரும், மற்றோர் அணிக்கு அந்நகரின் தீயணைப்புத் துறைத் தலைவரும் தலைமையேற்றனர். எத்தகையோருக்காக அந்த ஆட்டம் ஆக்கப்பட்டதோ அத்தகையோரே அதனை ஆடிக் காட்டினர்.

அவையிலிருந்த பேராசிரியர் ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட், பந்து தரையைத் தொடாமல் வலைக்கு மேலே இங்குமங்கும் பறப்பதைக் கண்டார். அச்செயலைக் குறிக்கும் வாலி என்னும் சொல்லைக் கொண்டு வாலிபால் எனப் பெயரிடலாம் என்றார். மோர்கன் தாம் வைத்த பெயரை விட்டுக்கொடுத்தார். அத்துடன், தம் கைப்பட எழுதிய விதிகளின் படியை மாநாட்டினரிடம் ஒப்படைத்துத் திருத்தங்களைக் கூறுமாறு வேண்டினார். அவ்விதிகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டு அவை ஒய்.எம்.சி.ஏ. தடகளக் கழகத்தின் கையேட்டில் அச்சேறின.

ஆட்டத்தின் பிற்கால வளர்ச்சிக்கு இச்செயலே வித்தானது. ஒருவரின் ஆக்கம் அன்றுமுதல் பலரின் பொறுப்பாயிற்று.

வாழ்நாளில் கண்ட மாற்றங்கள்

மாற்றங்கள் விரைந்து வந்தன. 1900ஆம் ஆண்டளவில் ஒன்பது சுற்றுமுறை கைவிடப்பட்டு, 21 புள்ளிகள் பெறும் அணியே வெல்லும் என்றாயிற்று. வலையின் உயரமும் கூட்டப்பட்டது. 1912ஆம் ஆண்டு ஆட்டக்காரர்கள் இடம் மாறிச் சுழலும் முறை புகுத்தப்பட்டது. இதனால் ஒருவரே வலையருகில் நிலைத்து நிற்க இயலாமற் போயிற்று. முன்னே நின்று அடிப்பவர் பின்னே சென்று பந்தை எடுக்கவும் கற்க வேண்டியதாயிற்று. 1917இல் வெற்றிப்புள்ளி 15 ஆகக் குறைந்தது. 1918இல் அணிக்கு அறுவர் என்னும் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது.

ஆட்டத்தின் தன்மையையே மாற்றிய புதுமை ஆசியாவிலிருந்து வந்தது. ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்த கைப்பந்து அங்கு வேகமாகப் பரவியது. 1913ஆம் ஆண்டு மணிலாவில் நடந்த தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகளில் அது இடம்பெற்றது. 1916ஆம் ஆண்டளவில் அங்குள்ள ஆட்டக்காரர்கள், ஒருவர் பந்தை உயரத் தூக்கித்தர மற்றொருவர் எம்பிக் குதித்து எதிர்க்களத்தில் அறைந்து இறக்கும் முறையைக் கண்டனர். மென்மையாகப் பந்தைத் தட்டி மகிழ்ந்த பொழுதுபோக்கு வலிமையும் வேகமும் கொண்ட போட்டியாக உருமாறியது.

விதிகள் இப்புதுமையைத் தடைசெய்யாமல் நெறிப்படுத்தின. 1920களின் தொடக்கத்தில், ஓர் அணி மூன்று தொடுகைகளுக்குள் பந்தை அனுப்ப வேண்டும் என்னும் விதி பிறந்தது. முதல் தொடுகை பந்தை ஏற்பதற்கு, இரண்டாவது தூக்கித்தருவதற்கு, மூன்றாவது தாக்குவதற்கு என ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு அமைந்தது. இன்று கைப்பந்தைக் காண்போர் அதன் இயல்பெனக் கருதும் அந்தத் தாளம் மோர்கனின் முதல் ஏட்டில் இல்லாதது.

முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினர் இவ்வாட்டத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். 1919ஆம் ஆண்டு அவர்களுக்கு 16,000 பந்துகள் வழங்கப்பட்டன. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். மோர்கன் கற்ற அதே மரபு இவ்வாறு தமிழ்மண்ணிலும் வேரூன்றியது.

மோர்கனோ இதற்குள் உடற்கல்விப் பணியை விட்டிருந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய தொழில் நிறுவனங்களில் அவர் பணிபுரிந்தார். ஆட்டம் உலகை வலம் வந்தபோது அதனை ஆக்கியவர் ஆரவாரமின்றி வாழ்ந்தார். 1942ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 27ஆம் நாள், தாம் பிறந்த லாக்போர்ட்டிலேயே மறைந்தார்.

உலக அரங்கில்

மோர்கன் மறைந்து ஐந்தாண்டுகளுக்குள், 1947ஆம் ஆண்டு, பாரிசில் 14 நாடுகள் கூடிப் பன்னாட்டுக் கைப்பந்துக் கூட்டமைப்பை நிறுவின. நாட்டுக்கு நாடு வேறுபட்ட விதிகளை ஒன்றுபடுத்துவது அதன் முதற்கடமையாயிற்று. ஆசியாவில் நெடுங்காலம் அணிக்கு ஒன்பதின்மர் ஆடும் முறை வழக்கில் இருந்தது. காலப்போக்கில் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட களம், ஆடவர்க்கு 2.43 மீட்டர், மகளிர்க்கு 2.24 மீட்டர் வலை என்னும் அளவுகள் நிலைபெற்றன. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது.

அதன்பின் வந்த விதிமாற்றங்களைத் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் இடையே சமநிலை காணும் முயற்சிகள் எனலாம். தாக்குதல் ஓங்கியபோது, தடுப்பவர் வலைக்கு அப்பால் கைநீட்ட இசைவு தரப்பட்டது. 1976ஆம் ஆண்டுக்குப்பின், தடுப்பின்போது பந்து கையில் படுவது மூன்று தொடுகைகளுள் ஒன்றாகக் கொள்ளப்படவில்லை. அதுவரை பந்தைத் தடுத்த அணிக்கு இரண்டு தொடுகைகளே எஞ்சின. இப்போது முழுமையான தாக்குதலைக் கட்டமைக்க வாய்ப்புக் கிட்டியது. உயரமானவர்கள் வலையருகில் நின்று சர்வீஸையே தடுத்து வீழ்த்தியபோது, 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்குப்பின் அது தடைசெய்யப்பட்டது. 1990களில் காலாலும் பந்தைத் தொடலாம் என்றாயிற்று.

பழைய புள்ளிமுறையில், சர்வீஸ் செய்யும் அணி மட்டுமே புள்ளி பெற இயலும். எதிரணி வென்றால் சர்வீஸ் உரிமை மட்டுமே அதற்குக் கிடைக்கும். ஆகவே நெடுநேரம் ஆடியும் புள்ளி எண்ணிக்கை அசையாமல் நிற்பதுண்டு. ஆட்டம் எப்போது முடியும் என்று சொல்ல இயலாத நிலை, தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு இடையூறாயிற்று. 1998ஆம் ஆண்டு இம்முறையை மாற்ற முடிவெடுக்கப்பட்டது. பந்து வீழும் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஓர் அணிக்குப் புள்ளி உண்டு; 25 புள்ளிகள் பெற்றால் ஒரு செட் வெற்றி; ஐந்தாம் செட்டுக்கு 15 புள்ளிகள். இரண்டு புள்ளிகள் முன்னிலை பெறுவதும் கட்டாயம். இதனால் ஆட்டத்தின் கால அளவு ஓரளவு கணிக்கத்தக்கதாயிற்று. அதே வேளையில் சிறு பிழைக்கும் விலை கூடியது. முன்பு தவறிய சர்வீஸால் உரிமை மட்டுமே பறிபோயிற்று. இன்றோ எதிரணிக்குப் புள்ளியே சேர்ந்துவிடுகிறது.

அதே காலத்தில் லிபெரோ என்னும் தற்காப்பு ஆட்டக்காரர் அறிமுகமானார். மாறுபட்ட நிற உடையணிந்து பின்வரிசையில் மட்டும் ஆடும் இவர், வலைக்கு மேலுள்ள பந்தைத் தாக்கக் கூடாது. உயரமானவர்களே கோலோச்சிய போட்டிக்களத்தில், உயரம் குறைந்தாலும் விரைவும் துணிவும் மிக்கவர்களுக்கு இவ்விதி இடமளித்தது. ஆனால், அடிப்பவர் பின்னே சென்று பந்தை எடுக்கவும் கற்க வேண்டும் என்ற சுழல்முறையின் நோக்கம் இதனால் தளர்ந்தது. பின்வரிசை வந்ததும் உயரமானவர் வெளியேற, லிபெரோ உள்ளே வருகிறார். ஒரு வாயிலைத் திறக்கும் விதி மற்றொன்றைச் சாத்தவும் கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

மாறாத அடிப்படை

சுற்றுகள் போயின, ஆட்டக்காரர் எண்ணிக்கை மாறியது, புள்ளிமுறை மாறியது, ஆட்டத்தின் பெயரும் மாறியது. ஆயினும் மூன்று கூறுகள் மாறவில்லை. இரு அணிகளையும் வலை பிரித்து நிற்கிறது. ஆகவே உடலோடு உடல் மோதும் வன்மைக்கு இடமில்லை. பந்தைப் பிடித்துவைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. வந்த கணமே அதனை அனுப்பியாக வேண்டும். பந்து தம் பக்கத் தரையைத் தொடாமல் காப்பதே அணியினர் அனைவரின் கடமை. மோர்கனின் முதல் ஆட்டத்திலிருந்தே வரும் இவற்றைக் காத்துக்கொண்டுதான் பிற விதிகள் மாறின.

ஹோலியோக் நகரில் அமைந்த கைப்பந்துப் புகழ்மன்றத்தில் 1985ஆம் ஆண்டு முதலாமவராக மோர்கனின் பெயர் பொறிக்கப்பட்டது. ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தது அவருடைய அறிவுக்குச் சான்று. அதனைத் திருத்தும் உரிமையைப் பிறரிடம் ஒப்படைத்தது அவருடைய பண்புக்குச் சான்று. ஹோலியோக்கின் நடுத்தர வயதினருக்காகப் பிறந்த ஓர் ஆட்டம் உலகின் ஆட்டமாக வளர்ந்தமைக்கு இவ்விரண்டும் காரணமாயின.

தெரியுமா?

ஆங்கிலத்தில் வாலி, பால் என இரு சொற்களாக எழுதப்பட்டுவந்த இவ்வாட்டத்தின் பெயர், 1952ஆம் ஆண்டுமுதல் ஒரே சொல்லாக எழுதப்படுகிறது.