சத்தத்தை ஜெயித்த மெக்கானிக்!

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் நமக்கெல்லாம் மகாராஜாக்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் அந்தப் பெயரில் பாதிக்குச் சொந்தக்காரரான ஹென்றி ராய்ஸ், பணம் கட்ட முடியாமல் தொழில் பயிற்சியைப் பாதியில் விட்ட ஏழைப் பையன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1863 மார்ச் 27-ல் இங்கிலாந்தில் பீட்டர்பரோ பக்கத்தில் ஆல்வால்டன் கிராமத்தில் பிறந்தார். அப்பாவின் மாவு மில் நொடித்துப் போனது. ஒன்பது வயதில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பையன் பேப்பர் விற்றான், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். 1878-ல் சொந்தக்கார அம்மாள் ஒருவர் வருஷத்துக்கு 20 பவுண்டு கட்டி ரயில்வே ஒர்க்ஷாப்பில் சேர்த்துவிட்டார். மூன்று வருஷத்தில் அந்தப் பணமும் நின்றது. பயிற்சி முடித்த சர்டிபிகேட் இல்லாமலே வெளியே வந்தார் ராய்ஸ். எங்க வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். ஃபீஸ் கட்டும் மாசம் வீட்டில் என்ன பாடு என்று தெரியும். அதனால் இந்த இடம் என் மனசில் அப்படியே நின்றுவிட்டது.

1884-ல் நண்பர் எர்னஸ்ட் கிளேர்மாண்டுடன் மான்செஸ்டரில் சின்ன ஒர்க்ஷாப் போட்டார். முதலில் காலிங் பெல், பிறகு டைனமோ, எலக்ட்ரிக் கிரேன் என்று தொழில் வளர்ந்தது. அப்புறம் டெக்காவில் என்ற பிரெஞ்சு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இரண்டு சிலிண்டர். ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஒரே சத்தம். வேறு யாராக இருந்தாலும் விற்றிருப்பார்கள். ராய்ஸ் அக்கு அக்காகக் கழற்றினார். குறையை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதைவிட நல்ல காரைத் தானே செய்தார். 1904 ஏப்ரல் 1-ல் அது ஓடியது. மே மாதம் பணக்கார வீட்டுப் பிள்ளை சார்லஸ் ரோல்ஸ் அதில் ஏறிப் பார்த்து, அதன் அமைதியில் மயங்கிக் கூட்டு சேர்ந்தார்.

இதில் நமக்குப் பாடம் இருக்கு நண்பர்களே. பழைய கார் "டிக் டிக்" என்றால், கெட்டி ஆயில் ஊத்து, அடங்கிடும் என்பார்கள். அது சத்தத்தை மறைக்கும், கோளாறு உள்ளேயே இருக்கும். முதலில் ஆயில் லெவல் பாருங்க. நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் இடம் இடமாக வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்க (ஃபேன், பெல்ட் பக்கம் ஜாக்கிரதை!). கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. அந்தப் பாதி வேகத்தில் டிக் வந்தால் டேப்பெட் பக்கம் சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜினில் அடித்து, சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிவாகவும் இருக்கலாம். டேப்பெட் என்றால் ஃபீலர் கேஜ் வைத்து மேனுவலில் சொன்ன இடைவெளிக்கே செட் பண்ணணும். சத்தம் போகணும்னு ரொம்ப இறுக்கினால் வால்வு முழுசா மூடாது, கருகிப்போகும். அந்த அமைதி ஆபத்தான அமைதி!

ராய்ஸின் அமைதி அப்படிப்பட்டதல்ல. 1907-ல் வெள்ளி நிறத்தில் வந்த ஆறு சிலிண்டர் கார், சத்தமில்லாமல் ஓடியதால் "சில்வர் கோஸ்ட்" என்று பெயர் வாங்கியது. 15,000 மைல் சோதனை ஓட்டம் முடிந்து பிரித்துப் பார்த்தால், தேய்மானம் அற்பம். 1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். 1911-ல் ராய்ஸும் படுத்த படுக்கையானார். ஆனாலும் வீட்டிலிருந்தே டிசைன் வேலையை விடவில்லை. அவருடைய ஈகிள் இன்ஜின்கள்தான் 1919-ல் ஆல்காக், பிரவுன் இருவரையும் நிற்காமல் அட்லாண்டிக் தாண்ட வைத்தன. 1930-ல் சர் பட்டம். அப்போதும் தன்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதில்தான் அவருக்குப் பெருமை. 1933 ஏப்ரல் 22-ல் மறைந்தார்.

கடைசியாக அவர் கை வைத்த பேன்டம் 3 கார் 1936-ல் விற்பனைக்கு வந்தது. அதில் இடைவெளியை ஆயில் பிரஷரிலேயே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட். ஆயில் அழுக்கானால் அதுவும் மக்கர் செய்தது. 1938-ல் சாதா டேப்பெட்டுக்கே மாற்றினார்கள். ரோல்ஸ் ராய்ஸுக்கே அப்படி என்றால், நம்ம ஊர் பழைய காருக்கு ஆயில் மாற்றச் சோம்பல் படலாமா?

சர்டிபிகேட் இல்லாமலே அவர் இவ்வளவு செய்தார். நமக்கு அது கிடைக்கப்போகிறது. கூடவே அவருடைய காதையும் பொறுமையையும் சம்பாதிப்போம் நண்பர்களே!