கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி

தேர்வில் முதல் வகுப்புக் கிட்டவில்லையே என்று சோர்ந்திருக்கும் நண்பர்கள் நம் விடுதியில் சிலர் உண்டு. அவர்களுக்காகவே ஸ்ட்ரேச்சியின் வாழ்வை இங்கு எழுதுகிறேன்.

அவர் 1916-இல் இலண்டனில் பிறந்தார். தந்தை ஆலிவர் நம் நாட்டு ரயில்வேயில் பணி புரிந்தவர். கேம்பிரிட்ஜில் பயிலும்போது கிறிஸ்டோபரின் மனநலம் குன்றியது. படிப்பு இடையில் நின்றது. தேறி வந்து எழுதிய தேர்விலும் இரண்டாம் வகுப்பே கிடைத்தது. ஆராய்ச்சி மாணவராகும் ஆசை மண்ணாயிற்று. போர்க்காலத்தில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் உழைத்தார். பின்னர்ப் பள்ளியாசிரியரானார்.

ஹாரோ பள்ளியில் கற்பித்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கணிப்பொறிக்கு டிராஃப்ட்ஸ் என்னும் காய் ஆட்டத்தைக் கற்பிக்க முனைந்தார். 1952-இல் மான்செஸ்டர் பொறி அவ்வாட்டத்தை ஆடிற்று! 1965-இல் அவர் வெளியிட்ட மேக்ரோக் கருவியே அவர் புகழுக்கு மற்றொரு தூண்.

மேக்ரோ என்றால் என்ன? எங்கள் ஊரிகத்துத் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. வடார்க்காட்டிலிருந்து அங்குப் பிழைக்கச் சென்ற குடும்பம் எங்களுடையது. ஆட்கள் ஒதுங்கிய பின்னரே வேட்டு என்பது சுரங்கத்தில் உழைத்த என் பாட்டனார் சொல்லித் தந்த முதற்பாடம். இவ்விதியை லிஸ்ப் மொழியில் சாதாரணச் சார்பாக எழுதினால் என்ன ஆகும்? பொறி, சார்புக்குத் தந்த கூறுகள் அனைத்தையும் முதலில் மதிப்பிட்ட பிறகே உள்ளே நுழையும். வேட்டும் ஒரு கூறுதானே? ஆட்கள் ஒதுங்கவில்லை என்று தெரிந்தாலும் வேட்டு வெடித்துவிடும்! மேக்ரோவோ கூறுகளை மதிப்பிடாமல், எழுதியபடியே வாங்கிக்கொள்ளும். முதலில் ஆட்களைப் பார், ஒதுங்கியிருந்தால் மட்டும் வெடி என்று கட்டளையை மாற்றி அமைத்துத் தரும். 1963-இல் டிமத்தி ஹார்ட் என்பவர் லிஸ்ப்புக்கு இதனை வழங்கினார். ஸ்ட்ரேச்சியின் கருவியில் கூறுகள் உடனே மதிப்பிடப்படும். கோண அடைப்புக்குள் இட்டவை மட்டும் பொறுத்திருக்கும். எதனை எப்போது மதிப்பிடுவது என்னும் உரிமை எழுதுபவன் கைக்கு வந்தது.

முனைவர் பட்டம் பெறாத அப்பெரியார் 1971-இல் ஆக்ஸ்போர்டில் கணிப்பியலின் முதற் பேராசிரியரானார். 1975-இல் ஈரல் நோயால் மறைந்தார். வயது 58.

நண்பர்களே, தேர்வாளர் அவரை மதிப்பிட்டது இருபத்து மூன்று வயதுக்குள்! வாழ்வோ அதன் பின்னரே தொடங்கிற்று. நம்மை நாமே மதிப்பிட்டு முடிக்கவும் இத்துணை விரைவு வேண்டா.