நோயும் நெடுவழியும்: இத்சிங் பிக்குவின் வாழ்வு

புனே நகரில் இன்று முதுகுவலி, முழங்கால்வலி என்று வருந்துவோர் சிலர் சீனத்து ஊசி மருத்துவமாகிய அக்குபங்சரை நாடிச் செல்கின்றனர். மகாராட்டிர அரசு அம்மருத்துவத்திற்கென 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் இயற்றியுள்ளது. இது நம் நாட்டிற்கு நேற்று வந்த புதுமை என்றே பலரும் எண்ணுவர். ஆயினும், 1,300 ஆண்டுகளுக்கு முன்னரே இந்திய மருத்துவத்தையும் சீன மருத்துவத்தையும் ஒருங்கே சீர்தூக்கி எழுதிவைத்தவர் ஒரு பௌத்தத் துறவி. பாகியான், யுவான் சுவாங் ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படும் இத்சிங் அடிகளே அவர். அப்பெரியாரின் வாழ்வை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

கி.பி. 635-இல் பிறந்த இத்சிங், ஏழாம் வயதிலேயே மடம் புகுந்து கல்வி கற்றார். புத்தபிரான் நடந்த மண்ணைக் காணவும், விநய ஒழுக்கத்தை அதன் பிறப்பிடத்திலேயே பயிலவும் அவர் உள்ளம் அவாவியது. உடன் வருவதாகக் கூறிய நண்பர்கள் பின்வாங்கினர். அவரோ தளராது, 671-இல் குவாங்சௌ துறைமுகத்தில் பாரசீகக் கப்பலொன்றில் ஏறினார். துணைவந்த இளஞ்சீடரும் சுமத்திரைத் தீவின் ஸ்ரீவிஜயத்தில் நோயுற்றுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. தனியராய்ப் பயணத்தைத் தொடர்ந்த இத்சிங், 673-இல் வங்கத்துத் தாமிரலிப்தித் துறையை அடைந்தார்.

அங்குச் சிலகாலம் வடமொழி பயின்றபின், வணிகர் கூட்டத்துடன் மகத நாடு நோக்கிப் புறப்பட்டார். மகாபோதிக்குப் பத்து நாள் தொலைவில், மலையும் சதுப்பும் நிறைந்த வழியில், பருவநோய் அவரைப் பற்றியது. மேனி சோர்ந்தது, கால்கள் நடை மறுத்தன. வணிகர் முன்னே சென்றுவிட, அடிகள் பின்தங்கினார். அந்திவேளையில் கள்வர் சூழ்ந்து அவர் உடைகளைப் பறித்தனர். வெண்ணிற மேனியரைப் பிடித்துப் பலியிடுவர் என அவ்வட்டாரத்தைப் பற்றி அவர் கேள்வியுற்றிருந்தார். ஆகவே சேற்றை உடலெங்கும் பூசி, இலைகளால் உடம்பை மறைத்து, கோலூன்றி மெல்ல நடந்தார். இரவு இரண்டாம் யாமத்தில் தங்குமிடத்தை நெருங்கியபோது, அவரைக் காணாது கலங்கிய மகாயானப் பிரதீபர் என்னும் துறவி ஊர்ப்புறத்தே நின்று கூவியழைத்துக்கொண்டிருந்தார். அக்குரலே அன்றிரவு அவருக்கு உயிர் தந்தது என்று சொல்லலாம்.

பின்னர் நாலந்தாவில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தங்கினார். சூத்திரங்களுடன் மருத்துவமும் பயின்றார். ஆயினும் அது துறவிக்குரிய தொழிலன்று எனக் கருதிப் பின்னர் அதனைக் கைவிட்டார். இந்தியத் துறவியர் முற்பகலிலும் பிற்பகலிலும் உலாவும் வழக்கத்தை அவர் பெரிதும் பாராட்டினார். உலாவாது அமர்ந்தே இருப்போர்க்குக் கால் வீங்கும், தோளும் முழங்கையும் வலிக்கும் என்று எழுதினார். உணவு செரியாமல் வரும் நோய்க்கு உண்ணாதிருத்தலே முதல் மருந்து என இந்நாட்டார் கொண்டதையும் குறித்தார். விலையுயர்ந்த மருந்து வாங்க இயலாமல் ஏழைகள் மடிவதை எண்ணி அவர் நெஞ்சம் நொந்தது. பொருட்செலவின்றி எவரும் கைக்கொள்ளத்தக்கது என்பதாலேயே அம்முறையை அவர் வலியுறுத்தினார்.

இந்தியாவைப் போற்றியதனால் தம் நாட்டை அவர் தாழ்த்தவில்லை. இங்கே கடுக்காய், பெருங்காயம், குங்குமப்பூ முதலியன உண்டு. சீனத்திலோ நானூற்றுக்கு மேற்பட்ட மூலிகைகள் உண்டு. ஊசி குத்தியும் சூடிட்டும் நோய் தீர்ப்பதிலும், நாடி பார்ப்பதிலும் ஜம்புத்தீவில் சீனத்தை விஞ்சியோர் எவருமிலர் என்பது அவர் முடிபு. எனினும் தம் நாட்டில் சிலர் மலசலங்களை மருந்தென ஊட்டியதை அவர் கடுமையாகக் கண்டித்தார். நூற்சொல்லைத் தவறாகப் பொருள்கொண்டு பிறரை வருத்துதல் பாவம் என்பதே அவர் கருத்து. தாயகம் விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் மேனியைக் காத்தவை தேநீரும் ஜின்செங் வேர்க் கஷாயமுமே என்றும் எழுதினார்.

இச்செய்திகள் அடங்கிய நூலை ஸ்ரீவிஜயத்திலிருந்து 692-இல் சீனத்திற்கு அனுப்பினார். 695-இல் அவர் லோயாங் திரும்பியபோது, பேரரசி வூ நகரின் வாயிலுக்கே வந்து வரவேற்றார். அதன்பின் ஓய்வு கொள்ளாது மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். அவர் பெயர்த்தவை 56 நூல்கள், 230 ஏடுகள் எனக் கணக்கிடுவர். 713-இல் அவர் மறைந்தார்.

ஊசி மருத்துவம் நாட்பட்ட முதுகுவலி முதலிய சிலவற்றிற்கு ஓரளவு ஆறுதல் தருவதாக இக்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அது எல்லா நோய்க்கும் மருந்தன்று. உண்ணாநோன்பும் எல்லார்க்கும் பொருந்துவதன்று. மருத்துவர் அறிவுரை வேண்டும். ஆயின் இத்சிங் அடிகளிடம் நாம் கற்கவேண்டியது மருந்துப் பட்டியலன்று. தமது, பிறரது என்னும் வேற்றுமை பாராது நல்லதை நல்லதெனவும் தீயதைத் தீயதெனவும் கண்ட நடுவுநிலைமையே அது. தாம் பட்ட வலியைப் பிறர் படாதிருக்க எண்ணிய கருணையும் அதனோடு சேர்ந்தது. அவ்விரண்டையும் நாமும் போற்றுவோமாக.