நோயாளியின் கடன்

அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கியவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் (1882–1945). 1921-ஆம் ஆண்டில், தம் 39-ஆம் அகவையில், அவர் கடும் பிணியுற்றார். இரு கால்களும் செயலிழந்தன. இளம்பிள்ளை வாதம் என்றனர் மருத்துவர். பொதுப்பணியினின்று நெடுநாள் விலகியிருக்க நேர்ந்தது.

நோய் தீர்த்தல் மருத்துவர் பொறுப்பே என்று அவர் வாளா கிடந்தாரல்லர். 1924-இல் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்குச் சென்றார். ஆங்குள்ள இளஞ்சூடான ஊற்றுநீர் உடற்பாரத்தைத் தாங்கியமையால், அதனுள் நின்று கால்களைப் பயிற்றினார். எஃகுத் தாங்கிகளைப் பூட்டி, கைத்தடியும் பிறர் கையும் பற்றிச் சிறிது தொலைவு நடக்கவும் பயின்றார்.

கால்கள் முன்போல் ஆயினவோ எனின், இல்லை. எனினும் முயற்சி வீண்போகவில்லை. 1927-இல், தம்போற் பிணியுற்றோர்க்கென அவ்வூரில் அறநிலையம் நிறுவினார். 1928-இல் நியூயார்க் மாநில ஆளுநராகவும், 1932-இல் குடியரசுத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

மாணவர்களே! மருந்தளித்தல் மருத்துவர் கடன். முயலுதல் நோயாளியின் கடன்.