ஒரு குருவியில் தொடங்கிய வாழ்வு: டாக்டர் சாலிம் அலி (1896–1987)

காத்தோங்கில் குடியிருப்பவர்களுக்கு அலாரம் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. சுபுஹுத் தொழுகைக்கு எழும் நேரத்திலேயே குயில் கூவத் தொடங்கிவிடும். தூக்கம் கெடுகிறது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோரும் உண்டு. ஊரில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கோ அது பழகிய குரல். கண்ணை மூடிக் கேட்டால் கொல்லைப்புற மாமரம் நினைவுக்கு வரும்.

குயில் தானாகக் கூடு கட்டாது. காகத்தின் கூட்டில் முட்டையிடும். சிங்கப்பூரில் காகங்கள் பெருகிய பிறகுதான் குயிலும் இங்கே நிலையாகத் தங்கத் தொடங்கியது. அந்தக் காகமும் கடல் கடந்து வந்ததுதான். காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலிருந்து கிள்ளான் பக்கம் கொண்டுவரப்பட்ட இனம் அது. நம் பாட்டனார்கள் கப்பலேறி வந்த அதே காலம்.

ஒரு பறவையைப் பார்த்தால், இது எங்கிருந்து வந்தது, ஏன் இங்கே இருக்கிறது, எப்படிப் பிழைக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தப் பழக்கத்தை இந்தியத் துணைக்கண்டத்து மக்களிடையே பரப்பியவர்களில் முதலிடம் பெறுபவர் டாக்டர் சாலிம் அலி. ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பட்டம் இல்லாமல், வேலை இல்லாமல், பல கதவுகள் அடைக்கப்பட்டும் தாம் தொடங்கிய கேள்வியை 90 வயது வரை விடாமல் பிடித்திருந்தவர் அவர். நம் சங்கத்தின் பொன்விழா மலரில், நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வாழ்வாக அவருடைய வரலாற்றைத் தருகிறோம்.

தாய் தந்தையற்ற பிள்ளை

சாலிம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். சுலைமானி போரா சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். பல பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தை மொய்சுத்தீன் காலமானார். மூன்று வயதில் தாயார் ஜீனத்துன்னிஸாவும் மறைந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும், பிள்ளையில்லாத மாமி ஹமீதா பேகமும் அந்தப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தையப்ஜியும் இவருக்கு மாமன் முறைதான்.

மாமா அமீருத்தீன் வேட்டைப் பிரியர். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் போலவே சிறுவன் சாலிமின் கையிலும் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி இருந்தது. சுமார் 10 வயதில் அவர் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால் அது வழக்கமான சிட்டுக்குருவி இல்லை. தொண்டையில் மஞ்சள் தீற்றியதுபோல் ஒரு அடையாளம். இது என்ன பறவை, இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்ற ஐயத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார்.

செத்த குருவியைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு, தயங்கித் தயங்கி அந்த அலுவலகத்துக்குள் நுழைந்த சிறுவனை மில்லார்டு விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைக் குருவி என்று சொன்னார். பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பின்னாளில் பறவைகளைப் பாடம் செய்யும் முறையையும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு சிறுவனின் கேள்வியை ஒரு பெரிய மனிதர் பொருட்படுத்தியதால் விளைந்ததே அடுத்த 80 ஆண்டுகள்.

படிப்பிலும் வேலையிலும் பட்ட அடிகள்

பள்ளிப் படிப்பில் சாலிம் அலி கெட்டிக்காரர் இல்லை. 13 வயதில் தீராத தலைவலி. வறண்ட காற்று நல்லது என்று சிந்து மாகாணத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1913ல் மெட்ரிக்குலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். கல்லூரியில் முதலாண்டே கடினமாக இருந்தது. படிப்பை விட்டுவிட்டு, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் கவனிக்கப் பர்மாவின் தாவாய்க்குக் கப்பலேறினார்.

நம் முன்னோர்களில் பலர் பிழைப்புக்காகப் போன அதே பர்மா. வியாபாரம் அவருக்குக் கை கொடுக்கவில்லை. ஆனால் சுற்றியிருந்த காடு அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. 1917ல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கும் படித்தார். புனித சேவியர் கல்லூரியில் இருந்த பாதிரியார் பிளாட்டர் இவருடைய ஆர்வத்தைக் கண்டு விலங்கியல் படிக்கத் தூண்டினார். 1918 டிசம்பரில் உறவுக்காரப் பெண்ணான தஹ்மினாவை மணந்தார்.

விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவிக்கு மனுப்போட்டபோது, முறையான பட்டம் இல்லை என்பதால் அது கிடைக்கவில்லை. 1926ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருவோருக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. மாதம் 350 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் புகழ்பெற்ற பறவையியல் அறிஞர் ஸ்ட்ரேஸ்மனிடம் பயின்றார். 1930ல் பெரிய நம்பிக்கையோடு திரும்பி வந்தவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

தூக்கணாங்குருவி சொன்ன பாடம்

வயது 33. வேலை இல்லை. பம்பாயில் குடித்தனம் நடத்த வசதி போதாது. கணவனும் மனைவியும் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. நாள் கணக்கில் மறைந்திருந்து பார்த்தார். பார்த்ததை அன்றன்றே எழுதி வைத்தார்.

கூட்டை நெய்வது ஆண் குருவிதான். பாதி கட்டியதும் பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். தங்கினால் ஆண் மிச்சக் கூட்டையும் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை எதிர்பார்க்கும். அந்தக் குருவியின் குடும்ப வாழ்க்கையை இப்படி வரிசைப்படி கண்டு எழுதியது அறிஞர்களிடையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. வேலை போயிராவிட்டால் அந்த மழைக்காலத்தைக் கிஹிமில் கழித்திருக்க மாட்டார்.

இந்தக் குருவி சிங்கப்பூரிலும் உண்டு. மலாய் அண்டை வீட்டார் இதைத் தெம்புவா என்பார்கள். தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்ற பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழியும் வழங்குகிறது.

மாட்டு வண்டியும் கூடாரமும்

அடுத்து அவர் சமஸ்தானங்களுக்கு எழுதினார். பயணச் செலவும் முகாம் செலவும் கொடுத்தால் போதும், ஊதியம் வேண்டாம், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்பது அவர் வைத்த கோரிக்கை. ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் என்று பல சமஸ்தானங்கள் இசைந்தன. 1933ல் திருவிதாங்கூர், கொச்சிக் காடுகளில் சுற்றியபோது பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டின் பறவை வளம் அவர் மனத்தில் பதிந்தது. பின்னாளில் அது சரணாலயமாகி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தப் பயணங்களில் தஹ்மினாவும் கூடவே இருந்தார். இங்கிலாந்தில் படித்த அவர்தான் கணவரின் ஆங்கில நடையைச் செப்பம் செய்தவர். 1939ல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் காலமானார். பிள்ளைகள் இல்லை. சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி கமூவின் வீட்டில் தங்கி, பறவைகளோடு மீதி வாழ்நாளைக் கழித்தார்.

1941ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. அறிஞர்களுக்கு மட்டும் இருந்த அறிவை, படமும் எளிய விளக்கமுமாகச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்த நூல் அது. ஜவாஹர்லால் நேரு சிறையிலிருந்து தம் மகள் இந்திராவுக்கு இதை அனுப்பிவைத்தார். பின்னர் அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து, இந்தியா, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றி 10 தொகுதிகள் எழுதினார். 1968 முதல் 1974 வரை வெளிவந்த அந்த வரிசையின் கடைசித் தொகுதி வரும்போது அவருக்கு வயது 77.

துப்பாக்கியிலிருந்து கால்வளையத்துக்கு

ராஜஸ்தானின் பரத்பூர் ஏரி மன்னரின் வேட்டைக்களமாக இருந்தது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. தற்செயலாக அன்று சாலிம் அலிக்கு 42ஆம் பிறந்தநாள். அந்த ஏரியைப் பறவைகளின் புகலிடமாக ஆக்கியதில் பின்னாளில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1985ல் அது யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தும் அவர் குரல் கொடுத்தார். திட்டம் கைவிடப்பட்டு, 1984ல் அது தேசியப் பூங்காவாயிற்று.

சாலிம் அலியும் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டவர்தான். அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் காலப்போக்கில், பறவையை உயிரோடு பிடித்து, காலில் சிறு வளையம் மாட்டி, பறக்கவிட்டு அறிந்துகொள்ளும் முறையை இந்தியாவில் பெரிய அளவில் நடத்தியவரும் அவரே. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு அந்தப் பணி தொடங்கியது. பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பீகாரின் மீர்ஷிகார் மக்களின் கைத்திறன் இதற்குப் பயன்பட்டது. சந்தையில் விற்கப் பறவை பிடித்த கைகள், எடை பார்த்து வளையமிட்டு வானில் விடும் கைகளாயின. வளையத்தில் எண்ணும் பம்பாய்க் கழகத்தின் பெயரும் பொறித்திருக்கும். அப்படி விடப்பட்ட பறவைகளில் சில தொலைதூரச் சைபீரியாவில் அகப்பட்டு, அங்கிருந்து தகவல் வந்தது.

அந்தப் பணி நடந்த முக்கியமான இடங்களில் ஒன்று கோடியக்கரை. 1962லேயே அந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டியவர் சாலிம் அலி. 1967ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாகூர், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழிவந்த குடும்பங்களுக்குக் கோடியக்கரையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உப்பளத்தைத் தாண்டிச் சேற்று நிலத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கும் பூநாரையும் உள்ளானும் நம் பெரியவர்கள் பார்த்து வளர்ந்தவை. அவை நம் ஊருக்கு வரும் விருந்தாளிகள் என்பதை வளையம் மாட்டி உலகுக்குக் காட்டியது சாலிம் அலியின் கழகம்.

இறுதி நாட்கள்

1958ல் பத்மபூஷண், 1976ல் பத்மவிபூஷண், 1985ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் என்று சிறப்புகள் வந்தன. ஜே. பால் கெட்டி விருதுப் பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்தார். 1985ல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு, 10 வயதில் தாம் வீழ்த்திய அந்தக் குருவியையே தலைப்பாக்கினார். 1987 ஜூன் 20 அன்று பம்பாயில் காலமானார். கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் 1990ல் தொடங்கப்பட்ட பறவையியல் மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தேனி மாவட்ட மேகமலையில் முதன்முதலில் பிடிபட்ட ஓர் அரிய பழந்தின்னி வௌவாலும் அவர் பெயரைத் தாங்குகிறது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும்போது நம் வீடுகளில் நிலவும் கவலையை எல்லாரும் அறிவோம். மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து மனம் உடையும் பெற்றோர், தட்டுத்தடுமாறித் தேறிய இந்தப் பம்பாய்ச் சிறுவனையும் நினைத்துக்கொள்வது நல்லது. அவருக்கு வாய்த்தது, கேள்வி கேட்டபோது தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் அனுப்பிவைத்த ஒரு மாமா.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் பிள்ளைகளைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போகலாம். பறவைகள் மிகுந்திருக்கும் பருவம் அதுதான். ஊருக்குப் போகாதவர்களுக்குக் காத்தோங்கிலேயே குயில் இருக்கிறது. நாளைக் காலை அது கூவும்போது சன்னலைச் சாத்தாமல், எந்த மரத்தில் இருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். பார்த்ததை அவர்கள் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதட்டும். சாலிம் அலி செய்ததும் அதுதான்.